அணுப்பொருள் துகளுக்கு வயது கணித்தல்: பழைய வண்ணாரப்பேட்டை ஞாயிறு வகுப்பு பற்றிய மதிப்புரை

பழைய வண்ணாரப்பேட்டையில், கடைத்தெருவின் நெரிசலிலிருந்து சற்று விலகிய ஒரு சிறிய கூடத்தில், அணுத்துறையில் பகுப்பாய்வு வேதியியலராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஞாயிறு மாலைகளில் அறிவியல் வகுப்புகள் நடத்தி வருகிறார். அண்மையில் முடிந்த தொடருக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிய யுரேனியம், புளூட்டோனியம் துகள்களின் வயதை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பது. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அத்தொடரில் முழுமையாகக் கலந்துகொண்டேன். சேரலாமா என்று என்னிடம் விசாரித்தவர்கள் பலர் இருப்பதால், வகுப்பின் நிறைகுறைகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகுப்பை மற்ற அறிவியல் சொற்பொழிவுகளிலிருந்து பிரித்துக் காட்டும் சிறப்பு ஒன்றே: ஒரு துகளுக்கு வயது சொல்லும் முன், அதைச் சொல்லப் போதுமான அணுக்கள் அந்தத் துகளுக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க அது கற்பிக்கிறது. அணு, கதிரியக்கம் என்றாலே வியப்பையோ அச்சத்தையோ மட்டும் ஊட்டிவிட்டு அனுப்பும் உரைகளைக் கேட்டுச் சலித்த எனக்கு, எண்ணிக்கையிலிருந்து தொடங்கும் இந்த முறை பெரும் மனநிறைவைத் தந்தது.

முதல் மாலை முழுவதும் 'எதன் வயது?' என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. யுரேனியம்-238இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். அது பூமி உருவாவதற்கு முன்பே பிறந்தது. அமெரிக்க வேதியியலர் பெர்ட்ராம் போல்ட்வுட் 1907இல் பாறைகளின் வயதை யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு கணித்தபோது அவர் தேடியது கனிமம் உருவான காலத்தை. அணுப்பொருளை ஆராய்பவர்கள் தேடுவதோ வேறொன்று. அந்தப் பொருளை மனிதர்கள் கடைசியாக எப்போது வேதிமுறையில் தூய்மைப்படுத்தினார்கள் என்பதே அவர்களுக்குத் தேவை. தூய்மைப்படுத்தும்போது யுரேனியத்தோடு கலந்திருந்த சிதைவு விளைபொருள்கள் நீக்கப்படுகின்றன. அந்தக் கணத்திலிருந்து அவை மீண்டும் சேரத் தொடங்குகின்றன. யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 ஆகிறது. யுரேனியம்-235 சிதைந்து, தோரியம்-231 வழியாகப் புரோட்டாக்டினியம்-231 ஆகிறது. சிதையும் தாய் அணுக்கள் எத்தனை, அவற்றிலிருந்து பிறந்த சேய் அணுக்கள் எத்தனை என்று தெரிந்தால், அரைவாழ்வுக் காலத்தைக் கொண்டு தொடக்க நாளைக் கணித்துவிடலாம்.

இதை விளக்க ஆசிரியர் கோயில் உண்டியலை எடுத்துக்காட்டினார். உண்டியலை ஒரு நாள் திறந்து முற்றிலும் காலி செய்து மூடுகிறார்கள். பிறகு மாறாத வேகத்தில் காசு விழுகிறது. இன்று உள்ளே இருக்கும் காசை எண்ணினால், அது காலி செய்யப்பட்ட நாள் தெரியும். காலி செய்தபோது மூலையில் சில காசுகள் தங்கிவிட்டால் கணக்கு உண்மையைவிட முந்தைய நாளைக் காட்டும். இடையில் யாரேனும் காசை எடுத்திருந்தால் பிந்தைய நாளைக் காட்டும். இந்த முறை நிற்கும் இரண்டு அனுமானங்களையும் இந்த ஒரே காட்சி கேட்பவர் மனத்தில் பதித்துவிட்டது. சேய் அணுக்கள் முழுமையாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் விடையாகக் கிடைப்பது உண்மையான வயதாக இராது; அனுமானத்தின் மேல் நிற்கும் மாதிரி வயதாகவே இருக்கும். அதனால்தான் துறையினர் இதைப் பெரும்பாலும் 'மாதிரி வயது' (model age) என்று குறிப்பிடுகிறார்கள் என்பதை அவர் மீண்டும் மீண்டும் நினைவூட்டினார்.

தொடரின் உயிர்நாடி இரண்டாவது மாலை. அன்று கரும்பலகையில் நிகழ்ந்த கணக்கை முழுமையாகத் தருகிறேன், ஏனெனில் வகுப்பின் தரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள, உருண்டையான யுரேனியம் டைஆக்சைடு துகள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம். அப்படியானால் துகளின் நிறை, ஒரு கிராமை இலட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அவற்றுள் ஏறத்தாழ ஆறு பங்கு. அதற்குள் இருக்கும் யுரேனிய அணுக்கள் ஏறத்தாழ 1,300 கோடி. இந்த எண்ணைக் கேட்டதும் கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது. இத்தனை கோடி அணுக்கள் இருக்கும்போது எண்ணுவதற்கு என்ன தடை என்ற எண்ணம் எல்லோருக்கும் எழுந்திருக்க வேண்டும்.

அடுத்த வரியிலேயே அந்த நிம்மதி கலைந்தது. துகள் ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டப்பட்ட, அதாவது யுரேனியம்-235இன் பங்கு மிகவும் உயர்த்தப்பட்ட, யுரேனியத்தால் ஆனது என்றும், அதில் யுரேனியம்-234 ஏறத்தாழ 1 சதவீதம் என்றும் கொண்டால், அந்த அணுக்கள் 13 கோடி. யுரேனியம்-234இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2,45,500 ஆண்டுகள் என்பதால், ஓர் ஆண்டில் அவற்றுள் சிதைபவை ஏறத்தாழ 370 மட்டுமே. இருபது ஆண்டுகள் கழிந்தாலும் துகளுக்குள் சேர்ந்திருக்கும் தோரியம்-230 அணுக்கள் ஏழாயிரத்துச் சொச்சம். அணுக்களை எண்ணும் கருவியோ எல்லாவற்றையும் பிடிப்பதில்லை; நூறு அணுக்களில் ஒன்றை அது உணர்ந்தால், நம் கைக்கு வருவது எழுபதைச் சற்றுத் தாண்டிய எண்ணிக்கை. எண்ணிக்கையின் இயல்பான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும் என்பதால், எழுபதுக்கு எட்டரை கூடலாம், குறையலாம். இருபது ஆண்டு என்ற விடையோடு இரண்டரை ஆண்டு அளவிலான ஐயமும் சேர்ந்தே வருகிறது. உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த எல்லையை இரட்டிப்பாக்கினால் ஐயம் ஐந்து ஆண்டுகளை நெருங்குகிறது.

இதே துகள் இயற்கை யுரேனியத்தால் ஆனதாக இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-234இன் பங்கு 0.0054 சதவீதம் மட்டுமே. எனவே 1,300 கோடி அணுக்களில் அது ஏழு இலட்சம். ஆண்டுக்குப் பிறக்கும் தோரியம்-230 அணுக்கள் இரண்டு. இருபது ஆண்டுகளில் நாற்பது. நூறில் ஒன்றைப் பிடிக்கும் கருவிக்கு இதில் ஒன்றுகூட உறுதியாகக் கிடைக்காது. அணுமின் உலைக்கான, 4 சதவீதம் அளவுக்குச் செறிவூட்டப்பட்ட யுரேனியமும் ஏறக்குறைய இதே ஏழ்மையில்தான் இருக்கிறது. புரோட்டாக்டினியம்-231 இன்னும் அரிது: யுரேனியம்-235இன் அரைவாழ்வுக் காலம் 70 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்பதால், உயர்செறிவுத் துகளில்கூட ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அணுக்கள்தாம் பிறக்கும். 'வயது சொல்லும் முறை இருக்கிறது' என்பதும் 'இந்தத் துகளுக்கு வயது சொல்ல முடியும்' என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை இந்த ஒரு பலகைக் கணக்கைவிட நேர்மையாக யாரும் கற்பிக்க முடியாது என்று கருதுகிறேன்.

கணக்கு அங்கேயே நிற்கவில்லை. துகளின் விட்டம் மூன்று மடங்கானால் பருமன் 27 மடங்காகிறது. எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டாயிரமாக உயர்கிறது. இருபது ஆண்டு விடையின் ஐயம் அரை ஆண்டுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியிலிருந்து எந்தத் துகளை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே வயதுக் கணிப்பின் பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ மாணவர் ஒருவர் இதைக் கேட்டவுடன், "சார், அப்படின்னா ஒரே மாதிரி துகள்கள் பத்தை எடுத்து எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்டார். அவை அனைத்தும் ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தவை என்று முன்கூட்டியே நிறுவ முடிந்தால் போதும், முடியாவிட்டால் பல வயதுகளின் சராசரியே கிடைக்கும், அந்தச் சராசரி எந்தத் துகளுடைய வயதாகவும் இராது என்றார் ஆசிரியர். கேள்வி நன்றாக இருந்தது. விடை அதற்கு ஈடாக இருந்தது.

துகள்களுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதற்கான வரலாற்றுப் பகுதி சுருக்கமாக இருந்தாலும் போதுமானது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் அறிவிக்கப்படாத அணுத்திட்டம் வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து, பன்னாட்டு அணுசக்தி முகமை தன் ஆய்வுமுறைகளை வலுப்படுத்தி, 1996 முதல் சுற்றுச்சூழல் மாதிரி எடுக்கும் முறையைப் பின்பற்றத் தொடங்கியது. ஆய்வாளர் ஒரு பஞ்சுத்துணியால் இயந்திரத்தின் மேற்பரப்பையோ சுவரையோ துடைத்தெடுக்கிறார். அதில் ஒட்டிய இலட்சக்கணக்கான தூசித் துகள்களுக்கிடையே யுரேனியத் துகள்களைத் தேடிக் கண்டுபிடித்து, வியன்னாவுக்கு அருகே சீபர்ஸ்டார்ஃபில் உள்ள ஆய்வுக்கூடங்களிலும் உறுப்பு நாடுகளின் ஆய்வுக்கூடங்களிலும் பகுப்பாய்வு செய்கிறார்கள். ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களுக்கிடையேயான விகிதம்) அந்தப் பொருள் எவ்வளவு செறிவூட்டப்பட்டது என்பதைச் சொல்லும். எப்போது என்பதைச் சொல்லாது. ஒரு நிலையத்தில் கிடைத்த துகள் அங்கேயே உருவானதா, அந்த நிலையம் கட்டப்படுவதற்கு முன்பே வேறெங்கோ உருவாகி, பழைய இயந்திரத்தோடு வந்து சேர்ந்ததா என்ற வழக்கில் வயது ஒன்றே தீர்ப்பு சொல்லக்கூடும்.

இங்கே ஆசிரியர் சொன்ன ஒரு நுட்பம் என்னை மிகவும் ஈர்த்தது. செறிவூட்டும் ஆலைகளில் யுரேனியம், யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு என்ற வாயுவாகச் செல்கிறது. தோரியத்தின் ஃபுளூரைடு அப்படி எளிதில் ஆவியாவதில்லை, அது பின்தங்கிவிடுகிறது. ஆகவே வாயுவாக மாறும் செயலே ஒரு தூய்மைப்படுத்தல். கசிந்த வாயு காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து யுரேனைல் ஃபுளூரைடு துகளாகப் படிகிறது. அந்தத் துகளின் கடிகாரம், தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்த நாளைக் காட்டுவதில்லை. கசிவு நிகழ்ந்த காலத்தை ஒட்டியே அது ஓடத் தொடங்குகிறது. ஒரு நிலையத்தின் இயக்கக் காலத்தை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் அமைவது அரிது.

இந்த இடத்தில் எண்ணூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுப்பிய கேள்வி, வடசென்னையில் இந்த வகுப்பு நடப்பதன் பொருத்தத்தை உணர்த்தியது. "ஐயா, எங்க பக்கம் ஜன்னல் திண்டுல தினமும் சாம்பல் படியுது. நிலக்கரிச் சாம்பல்ல யுரேனியம் இருக்குன்னு சொல்றாங்களே, அதையும் இப்படித் துடைச்சு எடுத்தா வயசு தெரியுமா?" என்று அவர் கேட்டார். துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி கையாளப்பட்ட காலத்தில் இராயபுரத்திலும் காசிமேட்டிலும் வாழ்ந்தவர்களுக்கும், அனல்மின் நிலையங்களின் நிழலில் இன்றும் வாழ்பவர்களுக்கும் இது ஏட்டுக் கேள்வி அன்று. ஆசிரியர் அதைத் தட்டிக்கழிக்காமல் நிதானமாக விடை சொன்னார். நிலக்கரியில் பல பாறைகளிலும் மண்ணிலும் இருப்பது போலவே இயற்கை யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. எரித்தபின் அவை சாம்பலில் செறிகின்றன. ஆனால் அந்தச் சாம்பல் துகளில் யுரேனியத்தையும் தோரியத்தையும் யாரும் வேதிமுறையில் பிரிக்கவில்லை. நெடுங்காலம் கலையாமல் கிடந்த கனிமத்தில் தோரியம்-230 பிறக்கும் வேகமும் சிதையும் வேகமும் சமமாகிவிடுகின்றன; யுரேனியம்-234 அணுக்கள் நூறு இருந்தால் தோரியம்-230 அணுக்கள் ஏறத்தாழ முப்பத்தொன்று என்ற விகிதத்தில் அது நிலைத்துவிடுகிறது. அந்நிலையை அடைந்த கடிகாரம், தான் மிகப் பழையது என்பதை மட்டுமே சொல்லும். மனிதர் தூய்மைப்படுத்திய யுரேனியத்தில் இந்த விகிதம் மிக மிகக் குறைவாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அதுவே வழி. சாம்பலால் நுரையீரலுக்கு வரும் கேடு தனி விஷயம், அதற்கு யுரேனியத்தைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அச்சமூட்டாமலும் அலட்சியப்படுத்தாமலும் சொன்ன அந்த விடைக்காகவே இந்த வகுப்பை என் அக்கம்பக்கத்தாருக்குப் பரிந்துரைப்பேன்.

அதே கேள்வியிலிருந்து அவர் மற்றொன்றையும் வருவித்தார். இயற்கைத் தூசியில் முன்பே நிறைந்திருக்கும் தோரியம்-230, ஆய்வுக்குரிய துகளின் மேல் ஒட்டிக்கொண்டால் அதன் வயது கூடிக் காட்டும். நூற்றுக்கணக்கான அணுக்களை எண்ணும் வேலையில், வெளியிலிருந்து சில பத்து அணுக்கள் நுழைந்தாலும் கணக்கு கெடும். எனவே இயற்கைத் தோரியத்தில் மிகுதியாக உள்ள தோரியம்-232ஐயும் உடன் அளந்து, அது தென்பட்டால் வெளிக்கலப்பை ஐயுற வேண்டும். மிகத் தூய அறைகளில் இந்த வேலை நடப்பதன் காரணம் அப்போது விளங்கியது.

புளூட்டோனியத்துக்கு ஒதுக்கிய மாலையும் சிறப்பானது. கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் வேக ஈனுலைச் சோதனை உலை புளூட்டோனியம் கலந்த எரிபொருளில் ஓடுவதால், இந்தத் தனிமம் நம் மாவட்டங்களுக்கு அந்நியமானதன்று. வயதுக் கணிப்பில் புளூட்டோனியத் துகள் யுரேனியத்தைவிடப் பன்மடங்கு தாராளமானது. புளூட்டோனியம்-241இன் அரைவாழ்வுக் காலம் 14 ஆண்டுகளைச் சற்றே தாண்டும். அது அமெரிசியம்-241 ஆகிறது. ஒரு மைக்ரோமீட்டர் துகளில் அது அரை சதவீதமே இருந்தாலும், முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ முப்பது இலட்சம் அமெரிசியம் அணுக்கள் பிறந்துவிடும். யுரேனியத் துகளின் 370ஐயும் இதையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டியபோது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் இந்தத் தாராளத்துக்குள் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. தாயும் சேயும் ஒரே நிறை எண் 241 உடையவை. அவற்றின் உண்மையான நிறை வேறுபாடு கோடியில் ஒரு பங்கு அளவே. துகளை அயனிக் கற்றையால் தாக்கி, வெளிவரும் அயனிகளை நிறையைக் கொண்டு பிரிக்கும் கருவி இவ்விரண்டையும் ஒன்றாகவே காண்கிறது. துகளைக் கரைத்து வேதிமுறையில் பிரிக்கலாம், அல்லது குறிப்பிட்ட ஒரு தனிமத்தின் எலக்ட்ரான்களை மட்டும் கிளப்பக்கூடிய அலைநீளத்தில் லேசர் ஒளியைச் செலுத்தி அந்தத் தனிமத்தை மட்டும் அயனியாக்கலாம். இவை இயலாதபோது, புளூட்டோனியம்-240 சிதைந்து யுரேனியம்-236 ஆகும் இணையைப் பயன்படுத்துகிறார்கள். ஆயுதத் தரப் புளூட்டோனியத் துகள் ஒன்றில் ஆண்டுக்கு எண்பதாயிரம் அளவில் யுரேனியம்-236 அணுக்கள் பிறக்கின்றன. இயற்கைத் தூசியில் அந்த ஐசோடோப்பு அநேகமாக இல்லை என்பதால் வெளிக்கலப்பின் தொல்லையும் குறைவு. துகள் முதலிலிருந்தே யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த எரிபொருளிலிருந்து வந்திருந்தால் இந்த இணை பயனற்றுப்போகும், ஏனெனில் யுரேனியம் தொடக்கத்திலேயே அங்கே இருக்கிறது.

உண்மை நிகழ்வுகளை அவர் கையாண்ட விதம் குறிப்பிடத்தக்கது. 1999இல் பல்கேரிய எல்லையில் ஒரு காரிலிருந்து கைப்பற்றப்பட்ட சில கிராம் உயர்செறிவு யுரேனியம் 1993ஐ ஒட்டித் தூய்மைப்படுத்தப்பட்டது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. 2004இல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் புதைகுழியிலிருந்து எடுத்த பழைய பெட்டகத்துள் ஒரு கண்ணாடிக் குடுவை கிடைத்தது. அதிலிருந்த புளூட்டோனியம் 1940களின் நடுவில், அங்கே முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது என்பது 2009இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இயற்பியலர் ஹைசன்பெர்க் குழுவினரின் அணு உலைக்காக ஜெர்மனியில் செய்யப்பட்ட யுரேனியக் கனசதுரங்களில் ஒன்று 1943ஐச் சேர்ந்தது என்று அந்நாட்டின் கார்ல்ஸ்ரூஹே நகர ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு அவர் கேட்ட கேள்வி: கனசதுரம் இயற்கை யுரேனியத்தால் ஆனது, இயற்கை யுரேனியத் துகளுக்கு வயது சொல்ல இயலாது என்று போன வாரம் கணக்கிட்டோமே, இது எப்படி இயன்றது? விடை, பொருளின் அளவில் இருக்கிறது. கனசதுரத்திலிருந்து எடுக்கும் ஒரு மில்லிகிராம்கூட, ஒரு மைக்ரோமீட்டர் துகளைப் போல ஏறத்தாழ இருபது கோடி மடங்கு. பல்கேரியாவிலும் ஹான்ஃபோர்டிலும் அவ்வாறே. துகளில் வெற்றி பெற வேண்டுமானால் அந்த இருபது கோடி மடங்கு வசதி இல்லாமலேயே வேலை செய்ய வேண்டும் என்ற உண்மை அப்போதுதான் முழுக் கனத்தோடு உறைத்தது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவிகளைப் பற்றிய மாலை ஏமாற்றம் அளித்தது. துகளை அயனிக் கற்றையால் செதுக்கி அளக்கும் பெரிய நிறைமானி எவ்வாறு இயங்குகிறது என்பது இந்தப் பொருளின் மையம். அதைச் சில படங்களோடு வேகமாகக் கடந்துவிட்டார். தோரியமும் யுரேனியமும் ஒரே அளவில் அயனியாவதில்லை; எனவே கருவி காட்டும் விகிதத்தை உண்மை விகிதமாக மாற்ற ஒரு திருத்தக் காரணி தேவை. அந்தக் காரணியைப் பெற, வயது முன்பே உறுதியாகத் தெரிந்த துகள்களை அளக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், 2012 சூலையில் முழுமையாகத் தூய்மைப்படுத்திய யுரேனியத்தை, பிரித்த நாளுக்கே சான்றளித்து, வயதுக் கணிப்புக்கான தரப்பொருளாக வெளியிட்டிருக்கிறது என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிச் சென்றார். அந்த ஒரு வரியை ஒரு மாலையாக விரித்திருக்க வேண்டும். அளவீட்டை நம்புவதற்கான அடிப்படையே தரப்பொருள்தான். திருத்தக் காரணியில் பத்து சதவீதம் பிழையிருந்தால் வயதிலும் பத்து சதவீதம் பிழை வரும் என்ற எளிய உண்மையைக் கேட்டறியாமல் பலர் வீடு திரும்பினார்கள்.

கையேட்டிலும் ஒரு குறை உண்டு. அரைவாழ்வுக் காலங்களின் அட்டவணை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு எண்ணோடும் அதன் ஐய எல்லை தரப்படவில்லை. எண்ணிக்கையின் ஐயத்தை அத்தனை கண்டிப்போடு கற்பித்த வகுப்பு, தான் பயன்படுத்தும் மாறிலிகளை மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை போல வைத்தது பொருந்தவில்லை. கூடத்தைப் பற்றியும் ஒரு சொல்: மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை, மாலையில் தெருவில் சரக்கு வண்டிகள் செல்லும்போது பின்வரிசைக்குக் குரல் எட்டுவதில்லை. முதியவர்கள் முன்கூட்டியே வந்து முன்வரிசையில் அமர்வது நல்லது.

செய்முறைப் பயிற்சியைத் தனியே பாராட்ட வேண்டும். கதிரியக்கப் பொருள் எதுவும் கூடத்துக்குள் கொண்டுவரப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தட்டு நிறையச் சோழிகள் தரப்பட்டன. குலுக்கிப் போட்டு, வாய் மேல்நோக்கி விழுந்தவற்றைச் 'சிதைந்தவை' என்று எடுத்துவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் குலுக்க வேண்டும். நாணயத்தைப் போலச் சோழி சரிபாதி வாய்ப்போடு விழுவதில்லை என்பதால், ஒவ்வொரு குழுவும் தன் சோழிகளின் அரைவாழ்வை முதலில் தானே அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு, எத்தனை முறை குலுக்கப்பட்டது என்பதை மறைத்து வைத்த ஒரு தட்டைக் கொடுத்து, எடுக்கப்பட்டவற்றையும் எஞ்சியவற்றையும் எண்ணி அதன் 'வயதை'ச் சொல்லச் சொன்னார். நிறையச் சோழிகள் கொண்ட தட்டைப் பெற்ற குழுக்கள் ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்தன; கையளவு சோழிகளே பெற்ற குழுக்களின் விடைகள் சிதறிக் கிடந்தன. ஒரு மைக்ரோமீட்டர் துகளின் இக்கட்டைப் பள்ளி மாணவர்கள் தங்கள் கைகளாலேயே உணர்ந்த தருணம் அது. இதை என் பள்ளியில் அப்படியே பயன்படுத்தத் தீர்மானித்திருக்கிறேன்.

கடைசி மாலையில், ஒரே துகளை இரண்டு கடிகாரங்களால் சோதிப்பது பற்றிப் பேசினார். தோரியம்-230 காட்டும் வயதும் புரோட்டாக்டினியம்-231 காட்டும் வயதும் ஒத்துப்போனால், தூய்மைப்படுத்தல் முழுமையாக நடந்தது என்ற நம்பிக்கை வலுப்பெறும், ஏனெனில் வேறுபட்ட வேதிப்பண்புகள் கொண்ட இரண்டு தனிமங்களும் ஒரே அளவில் தங்கிவிடுவது எளிதன்று. ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் பிந்தைய நாளைக் காட்டுவதே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். அதுவும் உறுதியன்று, அந்தச் சேய்ப்பொருள் இடையில் இழக்கப்பட்டிருக்கவும் கூடும். இங்கே கேட்பவர்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கு கொடுத்திருக்கலாம். இரண்டு விடைகள் முரண்படும் எடுத்துக்காட்டு ஒன்றைக் கொடுத்து, எந்த அனுமானம் பிசகியது என்று மாணவர்களையே வாதிட வைத்திருந்தால் தொடர் இன்னும் உயரத்தில் முடிந்திருக்கும். இதை ஆசிரியரிடமே தெரிவித்தேன். அடுத்த தொடரில் சேர்ப்பதாகச் சொன்னார்.

கட்டணம் பெயரளவுக்கே வாங்கப்படுகிறது, பள்ளி மாணவர்களுக்கு அதுவும் இல்லை. பிளஸ் ஒன் வேதியியலில் மோல் கணக்கு போடத் தெரிந்தவர் எவரும் வகுப்பைப் பின்தொடர முடியும். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டாவது மாலை கடினமாக இருக்கும். அணுசக்திக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாதம் கேட்க விரும்புபவர்களுக்கு இது இடமன்று, அத்தகைய வாதங்களை ஆசிரியர் மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிடுகிறார். வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம். திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் மெட்ரோவே வசதி. அடுக்குக்குறிச் சார்பும் மடக்கையும் உள்ள கணிப்பான் ஒன்றைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். பலகைக் கணக்குகளை உடனுக்குடன் தாளில் போட்டுப் பார்ப்பவர்களுக்கே அடுத்த வாரத்து வகுப்பு எளிதாக இருக்கும்.